பெரட்டுக்களத்துத் தாளம்

சங்கீதத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல உமக்கு என்ன யோக்கியதை உண்டு என்று வாசகர்கள் கேட்பின், ஒன்றுமில்லை என்பதே என் விடை. சுரம் எழுதத் தெரியாது. வித்துவான் எவரிடமும் கைகட்டி நின்று கற்றதுமில்லை. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்துக் காம்பராவிற் பிறந்து, அதே மலையிற் பாடசாலை ஆசிரியனாகி, இளைப்பாறிய பின்னும் கீழே இறங்க மனமின்றி இருந்துவிட்டவன் நான். ஐம்பது வருடங்களுக்கு மேலாகப் பாட்டுக் கேட்டு வந்திருக்கிறேன் என்பது ஒன்றே என் கைமுதல். நான் தேடித் தேடிக் கேட்டது பெரிய சபைகளின் கானமன்று. நாலைந்து இளைஞர் கூடி, இரவல் வாத்தியங்களை வைத்துக்கொண்டு, தங்கள் வாய்ச்சொல்லைத் தாங்களே கட்டிப் பாடும் சங்கீதமே என்னை ஆட்கொண்டது. அத்தகைய குழுக்கள் தேசந்தோறும் தோன்றி மறைந்திருக்கின்றன. அவற்றுள் எது நின்றது, எது கரைந்தது, ஏன் என்பதில் எனக்குச் சில உறுதியான எண்ணங்கள் உண்டு. அவ்வெண்ணங்களுக்கு வேராக என் சொந்த வாழ்வில் ஒரு வெட்கக்கேடும் உண்டு. அதை ஒளித்துவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் அது நேர்மையாகாது.

பதுளையிலிருந்து பசறை வழியாக எங்கள் மலைக்கு ஏறி வருகிறவர்களுக்குத் தெரியும், இங்கே பல நாட்களிற் பொழுது சாயுமுன்பே மூடுபனி இறங்கிவிடும் என்பது. என் சிறுவயதில் எங்கள் லயத்தில் வானொலிப்பெட்டி கிடையாது. கணக்குப்பிள்ளை வீட்டு இஸ்தோப்பில் ஒன்று இருந்தது. வேலியோரம் நின்று கேட்க எங்களுக்குத் தடையில்லை. பனிக்குள்ளிருந்து இலங்கை வானொலியின் குரல் வரும்; மயில்வாகனன் அவர்கள் பேசுவார்; சினிமாப் பாட்டுகள் வரும். உலகத்தில் உள்ள சங்கீதமெல்லாம் சென்னையில் விளைந்து கொழும்பு வழியாக எங்களுக்கு அனுப்பப்படுவது என்றே நான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பைக் கலைத்தவர்கள் இருவர். நித்தி கனகரத்தினம் பாடிய ‘சின்ன மாமியே’யும், ஏ. ஈ. மனோகரன் பாடிய ‘சுராங்கனி’யும் எங்கள் மலையில் வந்திறங்கிய நாட்களை இன்றும் மறக்க முடியவில்லை. கதாநாயகன் இல்லை, கதாநாயகி இல்லை, வயலின்களின் பெரும்படை இல்லை. ஒரு கிற்றார், ஒரு சிறு கொட்டு, பக்கத்து வீட்டில் பேசுவது போன்ற பேச்சு. பொப்பிசை என்றும் துள்ளிசை என்றும் அதற்குப் பெயர் வைத்தார்கள். அதன் நடை சிங்களப் பைலாவின் நடை. பைலாவோ போர்த்துக்கேயரும், அவர்களோடு இத்தீவுக்கு வந்து சேர்ந்த ஆபிரிக்கரும் விட்டுச்சென்ற கபிரிஞ்ஞா ஆட்டத்தின் பிள்ளை. பொலிஸ் உத்தியோகத்தராய் இருந்த வொலி பெஸ்தியன் அதைக் கொழும்புத் தெருக்களின் பாட்டாக்கினார். எங்கள் ஊவா மண்ணில், அப்புத்தளையிற் பிறந்த கிளாரன்ஸ் விஜேவர்தன, 1966இல் இரத்தினபுரியில் ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழுவைத் தொடங்கிச் சிங்களப் பாட்டுக்குள் மின்கிற்றாரைக் கொண்டுவந்தார். இவையெல்லாம் ஏறக்குறைய ஒரே பருவத்தில் நடந்தவை.

இவர்களுள் யார் பெரியவர் என்று எங்களுக்குள் அடிபிடி நடக்கும். என் கட்சி நித்தியின் கட்சி. மனோகரனின் குரலிற் சிரிப்பு இருந்தது. கூட்டத்தைத் தூக்கிச் செல்லும் வல்லமை இருந்தது. அதனாலேயே அவர் கடல் கடந்தார். ‘சிலோன் மனோகர்’ என்று தமிழகம் அவரைத் தத்தெடுத்துக்கொண்டது. 2018 ஜனவரியிற் சென்னையிலேயே கண் மூடினார். ஆயினும் நித்தி பாடும்போது எனக்கு ஒரு ஊர் தெரியும். கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று அவர் தடுத்தபோது, சிரித்துக்கொண்டே கேட்ட எங்கள் லயத்துப் பெண்கள், பாட்டு முடிந்ததும் சிரிப்பதை நிறுத்திவிட்டதை நான் கண்டிருக்கிறேன். அவர்களுடைய புருஷர்கள் சம்பள நாளன்று எங்கே இருப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நிற்க. 1976இல் எங்கள் தோட்டத்து இளைஞர் ஐவர் சேர்ந்து ஒரு குழு அமைத்தோம். அதன் பெயரைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. ஒரு சினிமாப் படத்தின் பெயர் என்ற அளவில் விட்டுவிடுகிறேன். என்னிடம் ஒரு பழைய கிற்றார். மற்றொருவரிடம் புல்புல்தாரா. ஒரு ஹார்மோனியம், பதுளையில் வாங்கிய ஒரு சோடி பொங்கோ. மாரியம்மன் திருவிழாவுக்குக் கொட்டகை போட்டு எங்களைப் பாட வைப்பதென்று தலைவர்மார் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு மாதம் இரவிரவாகப் பழகினோம்.

பணிய லயத்தில் ஒரு தப்புக்காரர் இருந்தார். என் தந்தையார் காலத்தில், விடியுமுன் தப்படித்துத்தான் ஆட்களைப் பெரட்டுக்கு எழுப்புவார்கள். கங்காணியின் அதட்டலுக்கு முன்னே காதில் விழுவது அந்தச் சத்தம். அவருடைய தகப்பனார் அப்படி அடித்தவர். இவர் மாசி மாதத்துக் காமன் கூத்துக்கும், திருவிழாக் கரகத்துக்கும், சாவு வீட்டுக்கும் அடிப்பவர். நாங்கள் பழகும் இரவுகளிற் சுவருக்கு வெளியே வந்து குந்தியிருந்து கேட்பார். ஒருநாள் எங்கள் பொங்கோ ஒரு துள்ளிசைப் பாட்டில் தடுமாறிக்கொண்டிருந்தபோது, வெளியிலிருந்து தப்பு எழுந்தது. வலக்கை அடிக்குச்சி காலடி வைப்பதுபோல் விழ, இடக்கைச் சிண்டுக்குச்சி அடிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் மட்டும் கொத்திக்கொண்டு போயிற்று. பாட்டு சட்டென்று எழுந்து நடந்தது. நாங்கள் ஐவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஒரு நொடி எல்லோருக்கும் சந்தோஷந்தான்.

மறுநொடி நான் வாசலுக்குப் போனேன். “இது சங்கீதமுங்க, சாவு வீடில்ல. கொட்டகையில இத ஏத்தினா ஊரு சிரிக்கும்” என்றேன். அவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். “சரிங்க தம்பி” என்று சொல்லிவிட்டுத் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். தப்பு சாவுக்கு மட்டும் உரியதன்று என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கூத்துக்களத்தில் அந்தத் தப்புக்கு ஆடியே வளர்ந்தவன் நான். அந்தத் தோல் யார் தோளில் தொங்கியது என்பதே என் வாயில் அப்படி வந்தது. சாதி என்ற சொல்லை நான் உச்சரிக்கவில்லை. உச்சரிக்க வேண்டியும் இருக்கவில்லை.

திருவிழா இரவில் எட்டு மணிக்கு மூடுபனி கொட்டகைக்குள் வந்தது. பொங்கோவின் தோல் நனைந்து தொய்ந்து, ஈரச்சாக்கை அடிப்பது போன்ற சத்தம் வந்தது. மூன்றாவது பாட்டோடு விசில் கிளம்பிற்று. ஐந்தாவதோடு நாங்கள் இறங்கினோம். கொட்டகைக்கு அப்பால், சருகு கூட்டி மூட்டிய தீயிற் தப்பைக் காய்ச்சியபடி அவர் கரகத்துக்காகக் காத்திருந்தார். தோலைத் தீயிற் காய்ச்சி முறுக்கேற்றும் வித்தை அவருக்குத் தெரியும். மலையின் பனியோடு மூன்று தலைமுறை பழகியவர் அல்லவா? கரகம் புறப்பட்டபோது அவர் அடித்த அடி அடுத்த மலைக்குக் கேட்டது.

1978இல் எங்கள் பொங்கோக்காரரின் குடும்பம் 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியப் பிரஜைகளாகி, பதுளை ஸ்டேசனில் ரயிலேறித் தலைமன்னார் வழியாகப் போயிற்று. குழு அத்தோடு கலைந்தது. அதற்காக ஊரிலே அழுதவர் எவருமில்லை.

இந்தக் கதைக்கும் வெளிநாட்டுக் குழுக்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். என் தமக்கை மகன் கொழும்பில் ஒலிநாடாக் கடையொன்றில் வேலைக்குப் போனான். விலைபோகாமற் கிடந்த நாடாக்களை “மாமாவுக்கு” என்று கட்டி அனுப்புவான். அப்படித்தான் 1980களின் நடுவில் ‘த கிளாஷ்’ என்ற லண்டன் குழு எங்கள் லயத்துக்கு வந்தது. பங்க் என்பது உதவாக்கரை என்பது போன்ற ஒரு வசைச்சொல். வசையைத் தங்களுக்குப் பெயராகச் சூட்டிக்கொண்ட பிள்ளைகளின் சங்கீதம் அது. முதல்முறை கேட்டபோது, தகர டப்பாவிற் கல்லைப் போட்டு உலுக்குவது போலிருந்தது. பத்தாவது முறை கேட்டபோது, அவர்களுக்கும் என்னைப் போலவே வாசிக்கத் தெரியாது என்பதும், அதற்காக அவர்கள் வெட்கப்படவில்லை என்பதும் புரிந்தன.

1977இன் தொடக்கத்தில் லண்டனில் ஒரு சிறு இரசிகர் பத்திரிகை, கிற்றாரின் மூன்று சுரக்கூட்டுகளைப் படமாக வரைந்து காட்டி, இவை போதும், போய்க் குழு அமையுங்கள் என்ற பொருளில் அச்சிட்டிருந்ததாம். அதே ஜனவரியில் மான்செஸ்டர் பக்கத்து ‘பஸ்கொக்ஸ்’ என்ற குழு, உற்றாரிடமும் நண்பரிடமும் ஐந்நூறு பவுண் கடன் வாங்கித் தங்கள் இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டது. முதலில் ஆயிரம் பிரதி. பெரிய கம்பனிகளின் வாசலில் நிற்காமல் தானே பதித்துத் தானே விற்கும் இந்த வழக்கத்தைத்தான் இன்று இளைஞர் இண்டி என்கிறார்கள். சுயாதீன இசை என்று தமிழிற் சொல்லலாம்.

இதை வெள்ளைக்காரன் கண்டுபிடித்த புதுமையாக எண்ணி நான் சில காலம் வியந்ததுண்டு. பிறகுதான் என் தந்தையாரின் தகரப்பெட்டி நினைவுக்கு வந்தது. அதில் நாலைந்து பழைய பாட்டுப் புத்தகங்கள் கிடந்தன. எட்டுப் பக்கம், பதினாறு பக்கம், மட்டமான கடதாசி. பாட்டை இயற்றியவரே அச்சுக்கூலி கொடுத்து, சம்பள நாளன்று கடைத்தெருவில் தாமே பாடி, சில சதத்துக்கு விற்றவை. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மாளும் இந்த வழியில்தான் மலையெங்கும் பாட்டைக் கொண்டுபோனார்கள். அம்மையார் 1940இல் ஒரு பாட்டுப் பிரசுரம் வெளியிட்டார். கூட்டத்தில் அவர் பாடி முடித்த பின்னரே பேச்சு தொடங்கும் என்பார்கள். மக்களுக்குப் பழக்கமான மெட்டு, புதிய சொல், துரைமாரின் முகத்துக்கு நேரே. தோட்டத்துக்குள் அந்நியர் கால் வைப்பதே குற்றமென்று கருதப்பட்ட காலத்தில் அவர் பாடினார் என்பதை நினைக்கும்போது, சட்டையிற் குண்டூசி குத்திக்கொண்ட லண்டன் பையன்களின் வீரம் எனக்குச் சிறிது மட்டாகவே தோன்றுகிறது. இதைச் சொல்வதற்காக என் மருமகன் என்மீது கோபிக்கிறான். கோபிக்கட்டும்.

ஆனால் ஸ்கா என்ற இசையை அறிந்தபோது எனக்கு நேர்ந்தது வியப்பன்று; வேறொன்று. ஜமெய்க்காவும் நம்மதைப் போன்ற தீவு. கரும்புத் தோட்டங்களுக்காக அடிமைகளாக இறக்கப்பட்டோரின் சந்ததி அங்கே வாழ்கிறது. 1950களின் இறுதியில், அமெரிக்க வானொலியிற் கேட்ட நடனப் பாட்டுகளைத் தங்கள் கைக்கு வந்தபடி வாசித்த கிங்ஸ்டன் வாத்தியக்காரர்கள், அழுத்தத்தை அடியின்மீது வைக்காமல் அடிகளுக்கு நடுவே வைத்தார்கள். கிற்றார் அந்த இடைவெளியில் மட்டும் வெட்டி வெட்டி விழும். 1962இல் நாடு விடுதலை பெற்றபோது தெருவெங்கும் இந்தத் துள்ளல்தான். மருமகன் அனுப்பிய நாடாவில் இதைக் கேட்ட மாத்திரத்தில், எங்கள் பழகு கூடத்தின் சுவருக்கு வெளியிலிருந்து எழுந்த சிண்டுக்குச்சியின் சத்தம் என் காதில் விழுந்தது. நாடாவை நிறுத்திவிட்டேன்.

அதன் பிறகு படித்த செய்தி என்னை இன்னும் உறுத்தியது. கிங்ஸ்டனுக்குக் கிழக்கே மலைச்சாரலில் ரஸ்தஃபாரியர் என்ற சமயக் கூட்டத்தார் இருந்தார்கள். சடைமுடிக்காரர், அழுக்கர், பித்தர் என்று கண்ணியவான்கள் ஒதுக்கிவைத்த மக்கள். கவுண்ட் ஒசி என்பவர் அவர்களுடைய பறையடிக் குழுவின் தலைவர். 1960 அளவில் பிரின்ஸ் பஸ்டர் என்ற இளைஞர் ஓர் இசைத்தட்டுப் பதிக்க எண்ணியபோது, மலையேறிப் போய் அந்தக் கொட்டுக்காரர்களை அழைத்துவந்து ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நிறுத்தினார். ஃபோக்ஸ் சகோதரர்கள் பாடிய ‘ஓ கரோலினா’ அப்படிப் பிறந்தது. ஊர் சிரிக்குமே என்று அந்த இளைஞர் அஞ்சவில்லை. அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய இருபத்திரண்டு. வாசலில் நின்று “சாவு வீடில்ல” என்று சொன்னபோது எனக்கிருந்த வயதைவிட ஒன்றோ இரண்டோ கூட. வயதை நான் சாக்காகச் சொல்ல முடியாது.

அந்த மலைக் கொட்டுக்காரர்களோடு வாசித்துப் பழகிய ரிக்கோ ரொட்றிகஸ் என்ற ட்ரொம்போன் குழல்காரர் 1961இல் இங்கிலாந்துக்குப் போனார். பதினெட்டு வருடம் கழித்து, 1979இல், மோட்டார்த் தொழில் நலிந்துகொண்டிருந்த கொவென்றி நகரத்துப் பிள்ளைகள், கறுப்பரும் வெள்ளையருமாகச் சேர்ந்து, ‘த ஸ்பெஷல்ஸ்’ என்ற பெயரில் ஸ்காவைப் பங்கோடு கலந்து பாடினார்கள். அவர்களுடைய இசைத்தட்டில் அந்தக் கிழவரே வந்து குழல் ஊதினார். 1981 ஜூலையில் இங்கிலாந்தின் நகரங்களிற் கலவரம் மூண்டிருந்தபோது, வெறிச்சோடிய ஒரு நகரத்தைப் பற்றிய அவர்களுடைய ‘கோஸ்ட் டவுன்’ விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. ஆடவைக்கும் தாளம், அதன்மேல் அடக்கமுடியாத துயரம். இந்த இரண்டும் ஒன்றாக நிற்பதுதான் ஸ்காவின் உயிர் என்பது என் துணிபு. 1990களில் அமெரிக்காவில் இதே பெயரிற் புறப்பட்ட பல குழுக்களின் நாடாக்களையும் கேட்டேன். எக்காளம் இருந்தது, வேகம் இருந்தது, கோமாளித்தனம் இருந்தது. துயரத்தை எங்கோ இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தார்கள். நம் துள்ளிசைக்கும் இதுவே நேர்ந்தது. பின்னாளிற் கலியாண வீடுகளில் அதைப் பாடியவர்கள் துள்ளலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கள்ளுக்கடைப் பாட்டில் நின்றுபோன அந்தப் பெண்களின் சிரிப்பை அவர்கள் கவனிக்கவில்லை.

தில்லியில் 2009 அளவிற் கிளம்பிய ‘ஸ்கா வெஞ்சர்ஸ்’ குழுவைப் பற்றி என் பழைய மாணவர்கள் கேட்பார்கள். நல்ல வாசிப்பு, துணிச்சலான அரசியல். ஆனால் அவர்கள் ஆங்கிலத்திற் பாடும்போது யாரை நோக்கிப் பாடுகிறார்கள் என்ற ஐயம் எனக்குத் தீர்ந்தபாடில்லை.

மாதங்கி அருள்பிரகாசம் விஷயம் வேறு. லண்டனிற் பிறந்து, யாழ்ப்பாணத்திற் குழந்தைப் பருவத்தைக் கழித்து, யுத்தத்தினால் மீண்டும் லண்டன் போய்ச் சேர்ந்த இப்பெண், எம். ஐ. ஏ. என்ற பெயரில் 2007இல் தம் தாயார் பெயரைத் தாங்கிய ‘கலா’ என்ற தொகுப்பை வெளியிட்டார். அதிற் சென்னையிற் பதித்த உறுமி மேளம் அதிர்கிறது. உலகெங்கும் ஒலித்த ‘பேப்பர் பிளேன்ஸ்’ என்ற பாட்டோ, ‘த கிளாஷ்’ குழு 1982இற் பாடிய ஒரு பாட்டின் கிற்றார்த் துணுக்கின்மேல் கட்டப்பட்டது. மூலப்பாட்டு, யாருக்கும் வேண்டாதவராய்ப் போன குடியேறிகளையும் தகப்பன்மார் கைவிட்ட பிள்ளைகளையும் பற்றியது. எங்கள் லயத்தில் நான் தேய்த்துத் தேய்த்துக் கேட்ட அதே கிற்றார், ஒரு தமிழ்ப் பெண்ணின் குரலுக்கு அடியில் திரும்பி வந்தபோது, தொலைந்த ஆட்டுக்குட்டி பக்கத்து மலையிற் கத்துவதைக் கேட்டவன்போல் எழுந்து நின்றுவிட்டேன். அவருடைய பேச்சுகள் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடில்லை. காதுக்கு அதனால் என்ன நட்டம்?

2018 ஜனவரியிற் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற குழு முதன்முதல் மேடையேறியது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியாலும் இசையமைப்பாளர் டென்மாவின் உழைப்பாலும் திரண்ட அக்குழுவில் கானாப் பாடகர்களும் கிற்றார்க்காரர்களும் பறையடிப்போரும் ஒரே வரிசையில் நின்றார்கள். சாதியற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் சொன்னதை அடியொற்றிய பெயர் அது. அந்த நிகழ்ச்சியின் படத்தை என் மருமகன் கைப்பேசியிற் காட்டினான். பறை மேடையின் நடுவில் இருந்தது. விருந்தாளியாக ஒரு பாட்டுக்கு வந்து போகும் பறையாக அது இருக்கவில்லை. மற்ற வாத்தியங்கள் அதன் காலடியைப் பார்த்து நடந்தன. கூடத்திற் பதித்த அவர்களுடைய பாட்டுகளில் மெருகு கூடி வெப்பம் குறைந்துவிட்டது என்பது என் குறை. அவற்றைக் கேட்பதைவிட மேடையிற் பாடியதைக் கேட்பதே மேல். ஆயினும் தமிழில் இந்த ஐம்பது ஆண்டில் தோன்றிய குழுக்களுள் எது முதன்மையானது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

அக்குழுவிற் பாடிய அறிவு என்ற இளைஞர் 2021 மார்ச்சில் தீயுடன் சேர்ந்து ‘எஞ்சாய் எஞ்சாமி’யைப் பாடினார், சந்தோஷ் நாராயணன் இசையமைப்பு. அறிவின் பாட்டியார் வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். அவர் வாயிலிருந்து வந்த கதையும் ஒப்பாரிச் சாயலும் அப்பாட்டில் உண்டு. உலகம் அதற்கு ஆடியது. எங்கள் மலையிலும் ஆடினார்கள். ஆனால் தலைமன்னார் வழியாகப் போனவர்களைப் பிரிந்திருந்த முதியவர்கள் மட்டும் அசையாமல் உட்கார்ந்து கேட்டார்கள். 2022இல், அப்பாட்டில் யார் பங்கு எவ்வளவு என்று பகிரங்கத்தில் வாதம் எழுந்தது. தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஒப்பாரி சொல்லியவளின் பெயர் இசைத்தட்டில் வருவதே அபூர்வம். இம்முறை அந்தப் பாட்டியின் பெயரை நாடறிந்தது. என் மனம் அதில்தான் நின்றது.

கடந்த தைப்பொங்கலுக்கு முன் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்தார்கள். பழைய கொழுந்து மடுவத்திற் குழுவாகப் பழகுகிறார்களாம். ஒருமுறை வந்து கேட்டு அபிப்பிராயம் சொல்ல வேண்டுமாம். போனேன். ஒரு மின்கிற்றார், ஒரு பேஸ் கிற்றார், கைப்பேசியோடு இணைத்த ஒலிபெருக்கி. சம்பளத்தைப் பற்றியும், லயக்கூரை ஒழுகுவதைப் பற்றியும், கொழும்புக் கடையில் வேலைக்கு நிற்கும் பையன் தீபாவளிக்கு ஊர் திரும்புவதைப் பற்றியும் தாங்களே கட்டிய பாட்டுகள். பேஸ் கிற்றார் அளவுக்கு மிஞ்சி இடித்தது. இரண்டு பாட்டுகளில் சினிமா வாடை போகவில்லை. மூன்றாவது பாட்டு, கூரைப் பாட்டு, உண்மையாகவே நன்றாக இருந்தது. அதில் ஒரு பையன் தப்படித்தான். சிண்டுக்குச்சியை அவன் பிடித்திருந்த விதத்திலேயே யாருடைய பேரன் என்பது தெரிந்துவிட்டது. தாத்தா காலமாகிப் பதினொரு வருடம் ஆகிறது.

என் குறைகளைச் சொன்னேன். பேஸை அடக்கச் சொன்னேன். கூரைப் பாட்டில் கிற்றார் அடியின்மீது விழாமல், தப்பின் சிண்டு விழும் இடத்திலே விழுந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கச் சொன்னேன். உடனே செய்து பார்த்தார்கள். இரண்டு தரம் தவறி, மூன்றாந்தரம் சேர்ந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

தேத்தண்ணீர் குடிக்கும்போது அந்தப் பையன் பக்கத்தில் வந்தான்.

“சேர், எங்க தாத்தா ஒங்க குழுவுல தப்படிச்சாருன்னு அம்மா சொல்லும். திருவிழாக் கொட்டகையிலயாமே? அப்பவே கிற்றாரோட சேந்து அடிச்சாராமே?”

வீட்டாரிடம் அவர் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் அவருக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை. பையனின் முகம் அதைத்தான் எதிர்பார்த்து நின்றது.

“இல்ல தம்பி” என்றேன். “ஒரு ராத்திரி செவத்துக்கு வெளிய நின்னு அடிச்சாரு. எங்க அஞ்சு பேரவிட நல்லா அடிச்சாரு. நாந்தான் வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

“ஏன் சேர்?”

ஏன் என்பதையும் சொன்னேன். மற்றப் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோப்பையை வைத்துவிட்டு அவன் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. வெளியே பனி இறங்கத் தொடங்கியிருந்தது. பின்பு தப்பை எடுத்து விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான், தோல் தொய்ந்திருந்தது. மடுவத்து வாசலிற் பழைய கடதாசிகளைக் குவித்துக் கொளுத்தினான்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க சேர், பொக அடிக்குது” என்றான். தோல் முறுகியதும், கூரைப் பாட்டை முதலிலிருந்து எடுக்கச் சொல்லிக் கிற்றார்க்காரனுக்குக் கைகாட்டினான்.